பேர் நாலு, முள் ஒண்ணு

பொய் சொல்லுவதென்று ஆகிவிட்டால் சின்ன மீனை வைத்துச் சொல்லக்கூடாது என்று ஐஸ்காரர் தீர்மானித்தார்.

அவர் வேலை பார்த்த ஐஸ் ஆலையை இழுத்து மூடிப் பதினோரு நாளாகிறது. வீட்டில் மூச்சுவிடவில்லை. காலையில் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்புவார். படகுத்துறைச் சுவரில் உட்கார்ந்து கடலை முறைப்பார். ஐந்து மணிக்கு, உழைத்துக் களைத்தவர்போல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்புவார். சும்மா உட்காருவதில் இவ்வளவு வலி இருக்குமென்று யார் கண்டது!

மாதம் ஒருமுறை படகுக்காரர்கள் அவருக்கு மீன் கொடுப்பது வழக்கம். இந்த மாதம் ஏது? மனைவி இரண்டு தரம் கேட்டுவிட்டாள். அதனால் சந்தையில் வஞ்சிரத் துண்டுகள் வாங்கி, பழைய பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

“இந்தா, படகுல குடுத்தாங்க.”

துணி சுற்றிய விரலோடு மனைவி பையைப் பிரித்தாள். காய் நறுக்கையில் பட்டதாம்.

“என்ன மீனுங்க?”

“வஞ்சிரம்டி! ஒருத்தன் நெய்மீன்பான், ஒருத்தன் அறக்குளான்னுவான், சீலான்னு ஒருத்தன் சண்டைக்கே வருவான். பேரு நாலு, நடுவுல முள்ளு ஒண்ணு. வெள்ளி உடம்பு, விலாவுல கோடு கோடா, இவ்வளவு நீளம்!” கையை விரித்ததில் காலண்டர் விழுந்தது.

“பல்லு?”

“மீனுக்கு ஏதுடி பல்லு? பச்சப்புள்ள மாதிரி பொக்கைவாய்.”

“யாரு வெட்டினா?”

“படகுக்காரரேதான். என் கண்ணு முன்னாடி.”

அவள் ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“எல்லாத் துண்டும் ஒரே பக்கமா சாஞ்சிருக்கு. இடது கை வெட்டு.”

“அவரு இடது கைக்காரரு!”

“நானும்தான்.” விரல் துணியை அவிழ்த்தாள். ஊசி ஊசியாய்க் குத்திய தடம். “உங்க பொக்கைவாய் கடிச்சது. சந்தைக்குப் பின்னாடி மீன் வெட்டுற கொட்டகைக்கு ஒம்பது நாளா வேலைக்குப் போறேன். இதுவும் என் கை வெட்டுதான். ஆலை மூடின மறுநாளே காவக்காரர் சம்சாரம் வந்து அழுதுட்டுப் போனா.”

ஐஸ்காரர் விழுந்த காலண்டரை எடுத்து ஆணியில் மாட்டினார்.

“தெரிஞ்சுமா தினம் என் இடுப்புக்குத் தைலம் தேச்சுவிட்டே?”

“நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். தைலம்தான் தீந்துபோச்சு.”

அவள் சட்டியை அடுப்பில் வைத்தாள். திரும்பாமலே சொன்னாள்:

“டப்பாவைக் கழுவி வைங்க. நாளையிலேருந்து அது எனக்கு. காலையில ஆறு மணிக்குள்ள நீங்க சோறு கட்டிடணும்.”