சூசையப்பரின் கைக்கு ஒரு லீலிப்பூ

யே. ம. சூ. துணை

சூசையப்பர் கோயில் வளவு,
கண்டாவளை.
05.03.2004

என் பெரும் மதிப்புக்கும் அதைவிடப் பெரிய பயத்துக்கும் உரிய பெரியக்கா, சிஸ்டர் பெர்னதெத் அவர்களுக்குத் தம்பி பிலிப்பையா எழுதிக்கொள்வது. இங்கே நானும், உங்கள் மச்சாள் செசிலியாவும், மகள் கொறற்றியும், இளைய மகனும், பேரனும் ஆண்டவர் கிருபையால் சுகம். மருமகனும் சுகம்தான். அவர் சுகமாக இருப்பதால்தான் எங்களுக்கு நித்திரை இல்லை. அங்கே மன்னாரில் நீங்களும் மடத்துச் சிஸ்டர்மாரும் உங்கள் முழங்கால் நோவும் என்ன பாடு என்று அறிய ஆவல்.

முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். உங்கள் மடத்துச் சாமான் அறையில் உடைந்துபோன சூசையப்பர் ஒருவர் படுத்திருக்கிறார் என்று போன முறை வந்தபோது சொன்னீர்கள். அவருடைய கையில் லீலிப்பூ முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பூவை மட்டும் பக்குவமாகக் கழற்றி, பஞ்சில் சுற்றி, இந்தப் பக்கம் வரும் வான்காரர் யாரிடமாவது கொடுத்து, பத்தொன்பதாம் திகதித் திருநாளுக்கு முதல் என் கையில் கிடைக்கச் செய்யவேண்டும். சோதனைச் சாவடியில் கேட்டால் பூ என்றே சொல்லலாம். உங்கள் மதர் கேட்டால் பக்திக்கு என்று சொல்லுங்கள். அது பொய்யாகாது, பயமும் பக்தியில் சேர்த்திதானே.

நடந்ததைச் சொல்கிறேன். சண்டை ஓய்ந்து பாதை திறந்து நாங்கள் ஊர் திரும்பியபோது கோயிலுக்குக் கூரை இல்லை, பீடத்தில் பழைய சூசையப்பர் சிலையின் பாதங்கள் மட்டும் நின்றன. கூரை போட்டுவிட்டோம். புதுச் சுருபத்துக்கு எங்கே போவது என்று பங்குச்சபையில் எல்லோரும் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், "என்ர மருமகன் சீமெந்தில செய்வார்" என்று சொன்னவன் நான்தான். கோயில் மணி அடிக்கிற மூப்பர் நானே சொன்னால் சபை மறுக்குமா? எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் இப்போதும் என் காதுக்குள் கிடந்து என்னைக் கொல்லுகிறது.

அமலதாசன் எப்படிப்பட்ட கலைஞர் என்று உங்களுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் முறையாகப் படித்தவர். ஆனால் மற்றவர்கள் மாட்டை வரைந்தால் இவர் மாடு படுத்து எழும்பிய இடத்தை வரைவார். கல்யாணத்தின்போது எனக்கென்று ஒரு படம் கீறித் தந்தார். ஒரு வெறுங்கதிரை. என்ன இது என்று கேட்டதற்கு, "நீங்கள் எழும்பிப் போன கதிரை மாமா" என்றார். நான் ஏன் எழும்பினேன், எங்கே போனேன் என்று அன்று முழுக்க யோசித்தேன். கொறற்றி மிதிவெடி அகற்றும் வேலைக்குப் போகிறவள். காற்சட்டையும் கண்ணாடி வைத்த தலைக்கவசமும் போட்டுக்கொண்டு காலையில் வாகனத்தில் ஏறினால் பின்னேரம்தான் வருவாள். அதுவரை பிள்ளை அவர் பொறுப்பு. குளிப்பாட்டுவதும் அவர்தான், பால் கரைப்பதும் அவர்தான். அதுகூடப் பரவாயில்லை, பிள்ளையின் மூத்திரத் துணிகளை ஊர்ப் பெண்கள் தண்ணி அள்ளுகிற நேரமாகப் பார்த்துக் கோயில் கிணற்றடியில் வைத்துத் தோய்க்கிறார். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"மருமகன், உதுகளை விடிய முதல் இருட்டோட தோய்ச்சால் என்ன?"

"இருட்டில ஊத்தை தெரியாதே மாமா."

அன்றிலிருந்து நான் கிணற்றடிக்குப் போகிற நேரத்தை மாற்றிக்கொண்டேன்.

சுருபம் முடிந்து வந்தது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சூசையப்பர் நிற்கிறார். குழந்தை யேசுவை இடத்தோளில் கவிழ்த்துப் போட்டிருக்கிறார், பால் குடித்த பிள்ளைக்கு ஏவறை எடுப்பதுபோல. வலக்கையில் லீலிப்பூ இருக்கவேண்டிய இடத்தில் பிழிந்த துணி ஒன்று. தோளில் வெள்ளையாக ஏதோ கறை. சுண்ணாம்பு பட்டுவிட்டது என்று நினைத்து நான் பொச்சுமட்டையும் சவர்க்காரமும் கொண்டுவந்து கைநோகத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அமலதாசன் வந்து பார்த்துவிட்டு, "மாமா, அது பிள்ளை பால் கக்கினது. அதைச் செய்யத்தான் எனக்குக் கனநேரம் எடுத்தது" என்றார். வலக் காதிலும் ஒரு துண்டு குறைந்திருந்தது. சீமெந்து உதிர்ந்துவிட்டது, பூசிவிடுங்கோ என்றேன். அது அப்படித்தான் இருக்கவேண்டும் என்று சொல்லிச் சிரித்தார்.

பங்குச்சபைத் தலைவர் மரியநாயகத்தை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பெரிய வெள்ளிக் கூத்தில் சேலை கட்டி வெரோணிக்காவுக்கு ஆடுகிறவர். கூத்துப் பழகும் காலம் என்பதால் இப்போது மீசையை வழித்திருக்கிறார். சுருபத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மீசை இருந்த இடத்தைத் தடவிக்கொண்டு, "சூசையப்பர் ஒரு ஆம்பிளை" என்றார். ஒருவரும் மறுக்கவில்லை. சுருபத்தைத் திருப்பி அனுப்புவதென்று அந்த இடத்திலேயே தீர்மானம் ஆகிவிட்டது.

அடுத்த நாள் சுருபத்தைச் சாக்கால் மூடி, மரியநாயகத்தின் உழவு மெசின் பெட்டியில் ஏற்றினோம். மெசின் புதிது. ஏற்றி முடியவும் பங்குச் சுவாமி அந்த வழியால் வரவும் சரியாக இருந்தது. கோயில் வாசலுக்கு மெசின் வந்த கையோடு மந்திரித்துவிடுங்கோ என்று மரியநாயகம் கேட்டார். சுவாமி தீர்த்தத்தை எடுத்து வந்து முன்னுக்கும் சில்லுக்கும் தெளித்தார். மனிசன் அத்தோடு விட்டாரா? "பெட்டிக்கும் நல்லாத் தெளியுங்கோ சுவாமி, நெல்லு ஏத்திறது பெட்டியிலதானே" என்று தானே சாக்கை ஒருபக்கம் தூக்கிப் பிடித்தார். சுவாமியும் செபத்தைச் சொல்லித் தாராளமாகத் தெளித்தார். சூசையப்பரின் தலையிலிருந்து தீர்த்தம் ஒழுகியதைப் பார்த்த பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. மந்திரித்த சுருபத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? மருமகனின் முற்றத்தில், காயப்போட்ட துணிகளுக்கு நடுவிலா? பெட்டியிலிருந்து இறக்கி, தவக்காலத்தில் சுருபங்களை மூடுவது வழக்கம்தானே என்ற சாட்டில் ஊதாத் துணியால் தலைமுதல் கால்வரை மூடிவிட்டோம். ஆனால் திருநாளன்று துணியை எடுத்து, தோளில் தூக்கும் கூட்டில் வைத்து ஊர்வலம் கொண்டுபோக வேண்டுமே.

சுவாமி இளம் ஆள், எதையும் கதைத்துத் தீர்க்கலாம் என்று நம்புகிறவர். ஞாயிறு பூசைக்குப் பிறகு கலைஞருடன் கலந்துரையாடல் என்று அறிவித்து, கோயில் பலகையில் 'கலை, ஆண்மை, விசுவாசம்' என்று பெரிதாக எழுதிப் போட்டார். செசிலியா அதைப் பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தா. நாட்டு வைத்தியர் யாரோ வருகிறாராக்கும் என்று பக்கத்து ஊர் ஆண்கள் சிலரும் வந்து பின்னால் இருந்த வாங்கில் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். அமலதாசன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டே எழும்பி நின்றார்.

மரியநாயகம் தொடங்கினார். "தம்பி, எங்கட சூசையப்பர் தச்சர். உளி பிடிச்ச கை. அதில உந்தத் துணியைக் குடுத்தால் எங்கட இளந்தாரியள் அதைப் பாத்து என்ன படிப்பாங்கள்?"

"தோய்க்கப் படிப்பாங்கள் ஐயா."

பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. சுவாமி மணியைத் தட்டினார்.

"சூசையப்பர் தோய்ச்சவர் எண்டு வேதத்தில எங்க கிடக்கு?"

"எகிப்துக்கு ஓடிப் போனவை எண்டு கிடக்கு. தாய் பிள்ளை பெத்த பச்சை உடம்புக்காரி. வழியில ஆர் தோய்ச்சிருப்பினம்? நாங்களும் ஓடின சனம்தானே ஐயா. மரத்துக்குக் கீழ கிடந்த சனம். எங்களுக்குத் தெரியாதோ?"

அந்த நேரம் பார்த்து எனக்கு இருமல் வந்து நிற்கவே இல்லை.

"அதெல்லாம் சரி தம்பி. எண்டாலும் கும்பிடுற சுருவத்தில ஆம்பிளைக்கு ஒரு மதிப்பு வேணும்."

"நீங்கள் சேலை உடுத்திக்கொண்டு யேசுவின்ர முகத்தைத் துடைக்கேக்க ஊரே அழுகுது. உங்கட மதிப்பு குறைஞ்சதோ?"

"அது கூத்து."

"இது சீமெந்து, ஐயா."

கடைசியில் சுவாமி ஒரு நடுவழி சொன்னார். கையிலுள்ள துணியை எடுத்துவிட்டு லீலிப்பூவை வைத்தால் சுருபம் இருக்கட்டும், இல்லையென்றால் சபை முடிவு செய்யட்டும் என்றார். எனக்கு உயிர் வந்தது. மருமகன் ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவர் பிள்ளையைப் பார்த்தார், சுவாமியைப் பார்த்தார். "பிள்ளை திரும்பக் கக்கினால் சூசையப்பர் பூவாலையோ சுவாமி துடைக்கிறது?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

அக்கா, இப்போது அவர் சீமெந்துக் கரண்டியையும் மட்டப்பலகையையும் உரபாக்கில் கட்டி வைத்திருக்கிறார். கொழும்பில் சிநேகிதன் கூப்பிடுகிறாராம். "சுருவம் கோயிலுக்கு வெளியில போனால் நானும் போறன் மாமா" என்கிறார். அவர் போனால் தானும் பிள்ளையோடு போவதாகக் கொறற்றி சொல்லிவிட்டாள். ஓடி ஓடி எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து, இப்போதுதான் ஒரு வளவுக்குள் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுகிறோம். பேரன் இல்லாத முற்றத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மகளோ கால் வைக்கிற இடம் பார்த்துக் கால் வைக்கிற வேலைக்குப் போகிறாள். பின்னேரம் அவளுடைய வாகனத்தின் சத்தம் கேட்கும்வரை நான் செபமாலையைக் கீழே வைப்பதில்லை. கொழும்புக்குப் போய்விட்டால் எந்தச் சத்தத்துக்குக் காத்திருப்பேன்?

ஆகவே என் திட்டம் இதுதான். திருநாளன்று ஊதாத் துணியை அவிழ்ப்பது மூப்பர் வேலை. அவிழ்க்கும் சாட்டில் உங்கள் லீலிப்பூவைக் கையிலுள்ள பிழிந்த துணிக்கு மேல் கம்பியால் கட்டிவிடுவேன். ஊர்வலத்தில் சபையார் முன்னுக்குப் போவார்கள், திரும்பிப் பார்த்தால் அவர்களுக்குப் பூ தெரியும். மருமகன் பிள்ளையோடு கடைசியில் வருவார், அவருக்கு முதுகு தெரியும். திரும்பி வந்ததும் கழற்றிவிடுவேன். சூசையப்பர் காட்டிக்கொடுக்கமாட்டார், வேதத்திலேயே ஒரு சொல்லும் பேசாதவர் அவர்.

பூவை மறந்துவிடாதீர்கள். எங்களுக்காக, முக்கியமாக எனக்காக மன்றாடுங்கள். முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசுங்கள். மதருக்கும் சிஸ்டர்மாருக்கும் எங்கள் தோத்திரம். உங்கள் ஆசீர்வாதத்தையும் பஞ்சுப் பொதியையும் எதிர்பார்த்திருக்கும்,

தம்பி
ம. பிலிப்பையா (மூப்பர், இன்றுவரை)

பி.கு.: லீலிப்பூ வேண்டாம். கழற்றிவிட்டீர்கள் என்றால் ஒட்டிவிடுங்கள்.

கடிதத்தை ஒட்டப்போகிற நேரம் கொறற்றி வேலையால் வந்தாள். யாருக்கு, என்ன என்று கேட்டாள். சொன்னேன். தலைக்கவசத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "அப்பா, அந்தச் சுருவம் அவரில்லை. அது நீங்கள். மரத்துக்குக் கீழ இருக்கேக்க அம்மா காய்ச்சலில எழும்பேலாமல் கிடந்தவா. தம்பியின்ர துணியளை நீங்கள்தானே ஒருத்தரும் காணாமல் இருட்டோட குளத்தில தோய்ச்சனீங்கள். நான் முழிச்சுக்கொண்டுதான் கிடந்தனான். அதை நான்தான் அவருக்குச் சொன்னனான். காதைப் பாக்கேல்லையே நீங்கள்?"

காதைத் தடவிப் பார்த்தேன் அக்கா. சின்ன வயதில் எனக்கு முடி வெட்டுகிறேன் என்று நீங்கள் கத்தரிக்கோலால் எடுத்த துண்டு இன்னும் இல்லை. வலக் காதுதான்.

இதைச் சொல்ல மரியநாயகத்திடம் ஓடினேன். அவர் கூத்துச் சேலையோடு வெளியே வந்தார். "உது நீர் எண்டு எங்களுக்கு முதல் நாளே தெரியும் மூப்பர். உம்மட முகத்துக்கு முன்னால சொல்ல ஏலாமல்தான் ஆம்பிளை, மதிப்பு எண்டு என்னத்தையோ கதைச்சனாங்கள். விடியமுதல் மணி அடிக்கேல்லை எண்டு உம்மை ஏசிப்போட்டு, பிறகு உம்மையே எப்பிடியப்பா முழந்தாளில நிண்டு கும்பிடுறது?" என்றார். பிறகு சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "எண்டாலும் என்ர மூஞ்சையைப் பாத்துத்தானே சனம் வெரோணிக்கா எண்டு அழுகுது. இருக்கட்டும். துணியோடயே இருக்கட்டும்."

மருமகன் உரபாக்கை அவிழ்த்துவிட்டார். இப்போது புதுக் கவலை. ஊரார் ஊதாத் துணியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். திருநாளுக்கு முடி வெட்டவேண்டும். காதை மூடி விடுவதா, தெரிய வெட்டுவதா என்று செசிலியாவைக் கேட்டேன். அவா பேரனைத் தூக்கி என் தோளில் போட்டுவிட்டுக் குசினிக்குப் போய்விட்டா.

தெரியத்தான் வெட்டப் போகிறேன்.