எழுமலையில் நான் போட்ட ஒரே பந்து

எனக்கு வீரதீரம் எதுவும் கிடையாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிற ரகம் நான். அப்படிப்பட்டவன் மதுரையில் கொஞ்ச காலம் கூடைப்பந்து நிபுணனாக உலவினேன் என்றால், அதற்குக் காரணம் இன்டர்வியூவில் நான் சொல்லிவைத்த ஒரே ஒரு வார்த்தை.

யுத்தம் வருவதற்கு முந்திய வருஷம். மதுரையில் ஒரு கல்லூரியில் (பெயர் வேண்டாமே) கணக்கு டியூட்டர் வேலைக்குப் போயிருந்தேன். பிரின்ஸிபால் ஒரு வெள்ளைக்காரத் துரை. தமிழ் நன்றாகப் பேசுவார். ஆனால் சர்ச்சில் பிரசங்கம் செய்கிற தமிழ். கணக்கில் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். கடைசியில், "உமக்கு என்ன விளையாட்டு வரும்?" என்றார்.

ஒன்றும் வராது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. புட்பால் என்றால் அன்று சாயங்காலமே மைதானத்தில் இறக்கிவிடுவார்கள். ஹாக்கி என்றால் மட்டையைக் கையில் கொடுப்பார்கள். மதுரையில் யாருக்கும் தெரியாத விளையாட்டாகச் சொல்லித் தப்பிக்கலாம் என்று, "பாஸ்கெட்பால்" என்றேன்.

துரை நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "இத்தனை வருஷமாக இப்படி ஒரு மனுஷனைத் தேடினேன்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கல்லூரிக்குப் பின்னால் இரண்டு கம்பம் நட்டு, வளையம் மாட்டி, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் அவர் தவித்துக்கொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

(நிஜமாகவே எனக்கும் அந்த விளையாட்டுக்கும் ஒரு சம்பந்தம் இருந்தது. சென்னையில் படிக்கும்போது ஹாஸ்டல் சிநேகிதர்கள் ஆடுவார்கள். அவர்களுடைய சட்டையையும் கைக்கடிகாரத்தையும் காவல் காத்துக்கொண்டு நான் ஓரமாக உட்கார்ந்திருப்பேன். பந்தைத் தொட்டதில்லை.)

ஆறு மாதம் தற்காலிகம், அப்புறம் நிரந்தரம் என்று உத்தரவு வந்தது. சிம்மக்கல்லில் எனக்குப் பெண் கொடுப்பதாக இருந்தவரும் அதையே சொன்னார். "உத்தியோகம் நிரந்தரமாகட்டும் மாப்பிள்ளை, அப்புறம் நிச்சயம் பண்ணிக்கலாம்." ஆக, வேலை போனால் பெண்ணும் போனாள்.

ஐந்து மாதத்தை எப்படியோ ஓட்டினேன். பையன்களை மைதானத்தைச் சுற்றி ஓட விடுவேன். ஓடி முடிப்பதற்குள் இருட்டிவிடும். ஆறாவது மாதம் துரை கூப்பிட்டு அனுப்பினார். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு ஹெட்மாஸ்டர் கடிதம் எழுதியிருந்தார். எழுமலையில் ஒச்சப்பன் என்று ஒரு பையன், ஆறடி உயரம், பள்ளிப் படிப்பை முடித்துவிட்டான், பந்து போட்டால் தப்பாது என்று.

"விளையாட்டுக்காரனுக்கென்று படிப்புச் சம்பளம் கட்டவேண்டாத இடம் ஒன்று நம் கல்லூரியில் இருக்கிறது. நீர் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாரும்" என்றார் துரை. "இரண்டு காரியம் எனக்கு எழுதித் தாரும். பந்து எறிகிற முறை சரியா? இன்னும் எவ்வளவு தூரம் தேறுவான்? உமது சொல்லே முடிவு."

உமது சொல்லே முடிவு!

லைப்ரரியில் தேடி ஒரு பழைய டிரில் புத்தகத்தைக் கண்டுபிடித்தேன். அதில் பந்து எறியும் முறைக்கு வரிசையாக ஆறு படங்கள். முதல் படத்தில் ஒரு ஆள் இரண்டு கையாலும் பந்தை நெஞ்சோடு பிடித்திருக்கிறான். அடுத்ததில் முட்டி மடங்குகிறது. மூன்றாவதில் முழங்கை விலாவோடு ஒட்டுகிறது. நான்காவதில் பார்வை மேலே. ஐந்தாவதில் பந்து நெற்றிக்கு நேரே வந்துவிட்டது. ஆறாவது படத்தைக் கரையான் தின்றுவிட்டிருந்தது. பந்து கையை விட்டுப் போகும்போது என்ன செய்யவேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரியாமலே போயிற்று.

கல்லூரியில் இருந்தது ஒரே ஒரு நல்ல தோல் பந்து. சீமையிலிருந்து வந்தது. அதை ஒரு வலைப்பையில் போட்டுக்கொண்டு, வெள்ளைக் கால்சட்டையும் கான்வாஸ் ஷூவுமாக பஸ் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் செக்கானூரணி வரைக்கும் பையையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு பொறுக்காமல், "என்னண்ணே, பூசணியா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வைகாசி வெயிலில் எழுமலையில் இறங்கி, விசாரித்துக்கொண்டு ஒச்சப்பன் வீட்டுத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அப்பா மாயாண்டி, ஒல்லியான மனுஷர். அம்மா பேச்சியம்மாள் ஒரு செம்பு நிறைய மோர் கொடுத்தார். எனக்கு முன்பே செய்தி வந்துவிட்டது போலிருக்கிறது. கதிரடிக்கிற களத்தைச் சுற்றி முப்பது நாற்பது பேர் நின்றார்கள். களத்து ஓரத்தில் ஒரு பனைமரம். அதில் இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே, பழைய பீப்பாயின் இரும்பு வளையத்தை ஆணி வைத்து அடித்திருந்தார்கள். எதிர்ப்பக்கம் பெரிய கிணறு.

ஒச்சப்பன் வந்து கும்பிட்டான். பனைமரத்துக்குத் துணையாக இன்னொரு பனை மாதிரி இருந்தான்.

மாயாண்டி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சாரு, ஒண்ணு கேட்டுக்கிடுறேன். ஒளிக்காமச் சொல்லிருங்க. தேறுவான்னா படிக்கட்டும். தேறமாட்டான்னா, இந்த வருசமே ஏர்ல பூட்டிருவேன். நடுவுல தொங்க விட்டுறாதீக."

அதுவரை என் வேலை, என் கல்யாணம் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். இப்போது இன்னொருத்தன் ஆயுசும் என் தலையில்.

நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "ம், ஆரம்பி" என்றேன்.

ஒச்சப்பன் பந்தைக் காதுக்கு மேலே ஒற்றைக் கையில் தூக்கி, ஒரு எம்பு எம்பி எறிந்தான். வளையத்தில் ணங்கென்று பட்டு வெளியே போயிற்று. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது உள்ளே விழுந்தது. ஆனால் புத்தகத்தில் ஒற்றைக் கை கிடையாது, எம்புவதும் கிடையாது! எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் அகப்பட்ட சந்தோஷத்தில், "கை தப்பு. ரெண்டு கையாலயும் பிடி" என்றேன்.

பிடித்தான். பந்து வளையத்துக்குக் கீழே இடித்தது.

"முழங்கையை ஒட்டு."

மரத்தில் இடித்தது.

"முட்டியை மடக்கு. தலையை நிமிர்த்து."

மரத்தையே தாண்டிப் பருத்திக் காட்டுக்குள் போயிற்று. பையனுக்குக் கை வெடவெடவென்று நடுங்கியது. ஒருவன் என்னைப் பார்த்து நடுங்கியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவனைப் பார்த்து நான் நடுங்கியதை நோட்டுப் புத்தகத்தால் மறைத்துக்கொண்டேன்.

மாயாண்டி மெல்லப் பக்கத்தில் வந்தார். "கோவிச்சுக்கிடாதீக சாரு. ஒத்தையில நல்லாத்தான் போட்டுக்கிட்டிருந்தான். நீங்க சொல்லச் சொல்ல மோசமாயிட்டு வாரான்."

"அவனுக்கு வெளங்கல போல" என்றார் பேச்சியம்மாள். "சாரு ஒரு தடவ போட்டுக் காட்டட்டும். பாத்துக்கிடுவான்."

கூட்டம் முழுக்க என் பக்கம் திரும்பியது. தோளில் வலி என்றேன். வெயில் கண்ணைக் கூசுகிறது என்றேன். ஷூவுக்குள் கல் என்றேன். "கல்ல எடுத்துட்டே போடுங்கண்ணே, நாங்க நிக்கிறோம்" என்றான் ஒரு புண்ணியவான். வேறு வழியில்லை. களத்து நடுவில் போய் நின்றேன். புத்தகத்தை மனசுக்குள் புரட்டினேன். நெஞ்சோடு பிடித்தேன், முட்டியை மடக்கினேன், முழங்கையை ஒட்டினேன், மேலே பார்த்தேன், நெற்றிக்குக் கொண்டுவந்தேன். அதற்கப்புறம் கரையான். கண்ணை மூடிக்கொண்டு, குலதெய்வத்தை நினைத்து விட்டேன்.

பந்து முன்னால் போகவில்லை. என் தலைக்கு மேலே போய், முதுகுப் பக்கமாக இறங்கி, ஒரே துள்ளலில் கிணற்றுக்குள் விழுந்தது. ஆழத்திலிருந்து தொபுக்கடீர் என்று சத்தம் வர, எனக்கு ஒரு யுகம் ஆனது போலிருந்தது.

கூட்டம் கிணற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்: "மாப்ள, சாரு கெணத்தத்தான்டா குறி வச்சாரு. தப்பல பாத்தியா!"

சிரிப்பு எழுமலை முழுக்கக் கேட்டிருக்கும். எனக்குக் காதில் விழவில்லை. சீமைப் பந்து, துரை முகம், சிம்மக்கல் மாமனார் முகம் எல்லாம் கிணற்றுத் தண்ணீரில் வரிசையாக மிதந்தன. ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். அதற்குள் ஒச்சப்பன் சட்டையைக் கழற்றிவிட்டுக் குதித்துவிட்டான். பந்தைப் பிடித்து, கல்படியில் பாதி ஏறி வந்தவன், "சாரு, புடிங்க!" என்றான். ஒரு கையால் படியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் பந்தைக் காதுக்கு மேலே தூக்கி, சும்மா ஒரு விடு விட்டான். ஊறிக் கனத்துப்போன பந்து, தண்ணீர் இறைக்க நட்டிருந்த கமலைக்கால்களுக்கு நடுவே நெட்டுக்குத்தாக ஏறி, கிணற்று விளிம்பைத் தாண்டி, என் மார்பில் வந்து உட்கார்ந்தது. நான் கையை விரிக்கக்கூட இல்லை.

சொட்டச் சொட்ட மேலே வந்தவனை ஓரமாக அழைத்துப் போனேன். இனி எதை மறைத்து என்ன? "தம்பி, எனக்கு இந்த விளையாட்டே தெரியாதுப்பா" என்றேன்.

"தெரியும் சார்."

"எப்பத் தெரிஞ்சது?"

"நீங்க பந்தப் புடிச்சதுமே."

"அப்புறம் ஏன் இந்த நடுக்கம் நடுங்கின?"

அவன் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னான். "எழுதப்போறது நீங்கதான சார்."

"நான் என்ன செய்யணும், சொல்லு" என்றேன். தயங்கினான். "நீங்க பாக்காம இருந்தாப் போதும் சார். உங்க முகத்தப் பாத்தா எனக்குப் பயம் வருது. எனக்கு மேல நீங்க பயந்திருக்கீங்க."

சரியென்று பனைமரத்துக்கு முதுகைக் காட்டி நின்றேன். பேச்சியம்மாளை என் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். உன் இஷ்டப்படி இருபது பந்து போடு என்றேன். எனக்கு முன்னால் பருத்திக் காடும் வெயிலும்தான். பின்னால் காலடி கேட்கும், ஒரு எம்பல் கேட்கும், அப்புறம் ஒரு மௌனம். "விழுந்துருச்சு சாரு" என்பார் அந்த அம்மா. மறுபடி மௌனம். "விழுந்துருச்சு." மூன்று தடவை மட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. இருபதாவது பந்துக்கு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் காலை துரை அறை. மேஜையில் பந்தை வைத்தேன். காய்ந்ததில் ஒரு பக்கம் உப்பிப் பலாப்பழம் போலாகியிருந்தது. தானாக உருண்டு, மேஜையிலிருந்து விழுந்து, பீரோவுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. அதற்கிருந்த வசதி எனக்கில்லை.

"பையனைப் பார்த்தீரா?"

"பார்த்தபோது விழவில்லை ஐயா. பார்க்காதபோது விழுந்தது."

துரை கண்ணாடியைக் கழற்றினார். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சட்டைக்குக் காவல் இருந்தது, கரையான், கிணறு எல்லாம். "எறிகிற முறை புத்தகப்படி தப்பு. ஆனால் விழுகிறது. எவ்வளவு தூரம் தேறுவான் என்று சொல்லுகிற யோக்கியதை எனக்கு இல்லை. என்னை அனுப்பிவிடுங்கள், அவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். நெடுநேரம் முதுகுதான் தெரிந்தது. அழுகிறாரா, கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. தோள் குலுங்கியபிறகுதான் அவர் சிரிப்பது புரிந்தது.

திரும்பியபோது முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார். "நீர் சொன்னது பொய். பொய்க்குத் தண்டனை உண்டு. கணக்கு நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறீர் என்று பிள்ளைகள் சொல்லுகிறார்கள். ஆகையால் வேலை இருக்கும். ஆனால் அந்தப் பையன் இங்கே இருக்குமட்டும் கூடைப்பந்துக்கு நீரே பொறுப்பு. அவன் ஆடும்போது நீர் ஆட்டத்தைப் பார்க்கக்கூடாது."

துரை வேடிக்கைக்குச் சொன்னாரோ என்னவோ, அது சட்டமாகிவிட்டது. முதல் வெளியூர் மாட்சில், பாதி ஆட்டம் வரை ஒச்சப்பன் போட்ட எதுவும் விழவில்லை. ஆசை அடங்காமல் நான் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஆட்டத்தை விட்டு நேரே என்னிடம் ஓடி வந்தான். நாற்காலியோடு என்னைத் தூக்கித் திருப்பி வைத்துவிட்டுப் போனான். அதற்கப்புறம் நடந்ததெல்லாம் கைதட்டலாகத்தான் எனக்குத் தெரியும். நாலு வருஷம் எங்கள் கல்லூரி ஜெயித்த ஆட்டங்களில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த ஜனங்களின் முகங்களைப் பார்த்தே எந்தப் பந்து விழுந்தது என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

விஷயம் என் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. (சிம்மக்கல் பெண்ணைத்தான் கட்டிக்கொண்டேன், அவளுக்குச் சொல்லாமல் இருக்க முடியுமா?) பால் பொங்குகிற நேரமா, பிள்ளைகளின் பரீட்சை முடிவு வருகிற நாளா, "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்களேன்" என்பாள். திரும்பி நின்றால் காரியம் நடந்தும் விடும், அதுதான் கொடுமை.

பெரியவள் கல்யாணத்துக்கு ஒச்சப்பன் வந்திருந்தார். அப்போது ரயில்வேயில் பெரிய உத்தியோகம், நரைத்த மீசை. முகூர்த்த நேரம். மாப்பிள்ளைப் பையனுக்கு மாங்கல்யத்தைப் பிடித்த கை நடுங்கியது. எனக்கும் நடுங்கியது. பின்னாலிருந்து இரண்டு பெரிய கைகள் என் தோளைப் பிடித்தன. "சார், நல்லபடியா முடியட்டும்" என்று காதில் சொல்லி, அலாக்காக என்னைத் திருப்பி நிறுத்திவிட்டார். திமிறுவதற்குள் கெட்டிமேளம் முழங்கிவிட்டது.

அந்த நிமிஷத்தில் எடுத்த போட்டோ எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அத்தனை பேரும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, நடுவில் ஒரு வழுக்கைப் பின்மண்டை. வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் என் மனைவி அந்தப் படத்துக்கு அருகே அழைத்துப் போய், "இவர்தான் பெண்ணுக்கு அப்பா" என்று அறிமுகம் செய்து வைக்கிறாள்.