பெயிண்டர் பார்த்த மேற்குச் சுவர்

தன் உடம்பில் மட்டும் எதையும் பூசிக்கொள்வதில்லை என்று பெயிண்டர் முடிவெடுத்து ரொம்ப நாளாயிற்று. அடுத்தவர் வீட்டு வெளிச்சுவருக்கு வெயில் தாங்கும் பெயிண்டை இரண்டு கோட்டிங் அடித்தே ஆகவேண்டும் என்று மணிக்கணக்கில் பேசுகிறவர் அவர். "வெயில் ஒரே நாள்ல கடிக்காது சார், தினம் கொஞ்சம் கொஞ்சமா நக்கும்" என்பார். ஆனால் மனைவி ஒரு தொப்பியையும் சன்ஸ்கிரீன் டியூபையும் நீட்டியபோது, தொப்பியை ஆணியில் மாட்டினார். டியூபைச் செத்த எலியைப் பிடிப்பதுபோல் நுனிவிரலால் வாங்கினார்.

"இதெல்லாம் பொம்பளைங்க பூசறது."

"வெயில் என்ன, ஆம்பளையா பொம்பளையான்னு கேட்டுட்டா அடிக்குது?"

"என் தோல் எருமைத் தோல். தெரியுமில்ல?"

"தெரியும். எருமையே மத்தியானம் தண்ணிக்குள்ள போய் உக்காந்துக்குது."

அவள் கவலை எருமையைப் பற்றியதல்ல. அவருடைய பின்கழுத்தில், காலருக்கு மேலே, ஒரு கறுப்பு மச்சம். மிளகளவு இருந்தது, இப்போது கோணல்மாணலாகப் பரவிக்கொண்டிருந்தது. டாக்டரிடம் காட்டலாம் என்றால், "என் கண்ணுக்குத் தெரியாத இடத்துல இருக்கறது எனக்கு எதுக்கு?" என்று காலரை இழுத்துவிட்டுக்கொள்வார்.

ஆனாலும் வீட்டில் நிம்மதி வேண்டுமே. பெயிண்டர் ஒரு திட்டம் போட்டார். தினமும் காலையில் டியூபைக் கொல்லைப்பக்கம் எடுத்துப் போய், ஒரு விரல் கிரீமைப் பிதுக்கி, மடக்கு ஏணியின் கீல்களில் தடவினார். டியூப் ஒழுங்காக இளைத்தது. மனைவி அதைத் தூக்கிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினாள்.

வேலைக்குக் கிளம்பும்முன் ஏணியை ஒருமுறை விரித்துப் பார்ப்பது அவர் வழக்கம். கல்யாணமான நாள் முதல், தெருவே எழுந்துகொள்ளும்படி கிறீச்சிடும் ஏணி அது. ஒரு நாள் வாயே திறக்காமல் விரிந்தது. அடுப்படியில் இருந்தவள் வந்து கீலைத் தொட்டு முகர்ந்து பார்த்தாள். திரும்பி அடுப்படிக்கே போய்விட்டாள். அதன்பிறகு கிரீமைப் பற்றியும் பேசவில்லை, டாக்டரைப் பற்றியும் பேசவில்லை.

பெயிண்டர் பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம் பெருமையடித்தார். "பொம்பளைங்ககிட்ட சண்டை போட்டா ஜெயிக்க முடியாது தம்பி. மூளை வேணும்."

"அண்ணி அதைப் பத்திப் பேசறதே இல்லையா?"

"மூச்சு விடறதில்ல."

"அப்படின்னா ஜாக்கிரதையா இருங்கண்ணே."

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி போனோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒரு படத்தைக் காட்டினாள். "ஏங்க, தெரிஞ்ச இடத்துச் சுவர் ஒண்ணு. என்ன பண்றதுன்னு சொல்லுங்களேன்."

பெயிண்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "மேற்குப் பார்த்த சுவர். வருஷக்கணக்கா வெயில் குடிச்சிருக்கு. பாரு, எவ்வளவு வெடிப்பு. ஒரு கோட்டிங்கூடக் கண்டதில்ல. மேல புல்லு வேற முளைச்சிருக்கு."

"நடுவுல இருக்கே, அந்தக் கறை?"

படத்தைப் பெரிதாக்கினார். முகம் மாறியது. "இது மேல் அழுக்கு இல்லம்மா. ஓரமெல்லாம் பிசிறா இருக்கு. ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் பழுப்பு. முன்ன சின்னதா இருந்திருக்குமே?"

"மிளகளவு இருந்துது."

"அப்ப உள்ளேருந்து வருது. உடனே ஆளைக் கூப்பிட்டுக் காட்டணும். தள்ளிப் போடவே கூடாது."

"வீட்டுக்காரர் கேக்கமாட்டேங்கறார்."

"அவன் ஒரு மடையன். காலரைப் பிடிச்சு இழுத்துட்டுப் போகச் சொல்லு."

மனைவி அடுத்த படத்துக்குத் தள்ளினாள். அதே சுவர், சற்று எட்ட நின்று எடுத்தது. அதன் இரண்டு பக்கமும் காதுகள் இருந்தன.

"நேத்து நீங்க குப்புறப் படுத்துக் குறட்டை விட்டப்ப எடுத்தேன்" என்றாள். "நாளைக்குத் தோல் டாக்டரைப் பார்க்கறோம். காலரைப் பிடிக்கணுமா, நீங்களாவே வர்றீங்களா?"

டாக்டர் மச்சத்தை வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை பெயிண்டர் அந்த டியூபைவிட வேகமாக இளைத்தார்.

"கெட்டுப்போக ஆரம்பிச்ச மச்சம்தான். முழுசா எடுத்தாச்சு, இனி பயமில்ல" என்றார் டாக்டர். "விட்டிருந்தா புற்றுநோயில கொண்டுபோய் விட்டிருக்கும். சரியான நேரத்துல கவனிச்சது யாரு?"

பெயிண்டர் வாயைத் திறந்தார்.

"இவரேதான் டாக்டர்" என்றாள் மனைவி. "படத்தைப் பார்த்ததுமே சொல்லிட்டார். வீட்டுக்காரன் மடையன்னும் சேர்த்துச் சொன்னார்."