உடைஞ்சிடும் அக்கா

திருவண்ணாமலையில் எங்கள் உடைஞ்சிடும் அக்கா நம்பிய பொருள் என்று அந்த மலையைத் தவிர வேறெதுவும் கிடையாது. வேங்கிக்கால் லேடீஸ் ஹாஸ்டலில் உட்கார நாற்காலி போட்டால், கவிழ்த்துக் காலைப் பார்ப்பார். பஸ்ஸில் ஏறினால் கம்பியை ஆட்டிப் பார்த்துவிட்டு, "இது உடைஞ்சிடும்" என்பார். கண்டக்டர் முறைப்பார். வார்டன் அம்மா ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தபோது கொக்கியைக் காட்டி அதையே சொல்ல, பாவம், அதற்கப்புறம் அந்த ஊஞ்சலில் துணிதான் காய்ந்தது.

மெக்கானிக்கலில் எம்.இ. படித்தார். நான் ஒரு வருஷம் ஜூனியர். ஒரு பொருளைக் கம்ப்யூட்டரில் வரைந்து, சின்னச் சின்னக் கட்டமாக நறுக்கி, பாரம் ஏற்றினால் எங்கே உடையும் என்று கணக்குப் போடுவதுதான் எங்கள் படிப்பு. தாங்குகிற இடம் நீலமாகத் தெரியும், உடையப்போகிற இடம் சிவப்பாகும். நாங்களெல்லாம் சிவப்பு வந்தால் பதறுவோம். அக்கா மட்டும் சிவப்பு வரவில்லையே என்று அழுவார்.

காரணம் அவர் அண்ணன். கீழ்பென்னாத்தூர் பக்கம் அவர்களுக்கு நிலம். நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். மல்லாட்டை உடைக்கிற மிஷினில் ஷாஃப்ட் என்கிற இரும்புத் தண்டு முறிந்து, சக்கரம் தெறித்து, பக்கத்தில் நின்ற அண்ணன் போய்விட்டார். அவசரக்காரன், மூட்டையோடு கொட்டி மிஷினைத் திணறடித்துவிட்டான் என்று ஊர் சொன்னது. பெற்ற அப்பாவும் அதையே சொன்னார். இல்லை என்று நிரூபிக்கத்தான் அக்கா எம்.இ.யே சேர்ந்தார். ஆனால் அதே மிஷினை ஷாஃப்டோடு வரைந்து, அளவான பாரம் கொடுத்து ஓடவிட்டால் திரை முழுக்க நீலம். அப்படியானால் அண்ணன்தான் அதிகமாகக் கொட்டியிருக்க வேண்டும்.

ஹாஸ்டலே துக்கம் காத்தது. பௌர்ணமிக்குக் கிரிவலம் போனோம். கல்யாணம், வேலை என்று ஊரே வேண்டிக்கொண்டு நடக்க, நாங்கள் மட்டும் ஷாஃப்ட் உடையணும் சாமி என்று வேண்டிக்கொண்டு நடந்தோம். அடி அண்ணாமலையில் டீ குடித்தபோது, என்ன வேண்டுதல் என்று ஒரு அம்மா கேட்டார். சொன்னோம். எழுந்து தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டார்.

அப்புறம் ஒரு லீவில் அக்கா என்னை ஊருக்கு அழைத்துப் போனார். வேறு ஷாஃப்ட் மாற்றியிருந்த அதே மிஷினை அப்பா களத்துக்கு இழுத்து வந்தார். மேடும் பள்ளமுமான களம், ஒரு கால் அந்தரத்தில் நின்றது. அவர் ஒரு கல்லை எடுத்து அதற்கடியில் சொருகினார்.

"எப்பவும் நாந்தாம்மா கல்லு வெப்பேன். பையன் இருந்தப்பவும் அப்படித்தான்" என்றார் என்னிடம், பெருமையாக.

மிஷின் ஓடியது. கல்லோடு சேர்ந்து குதித்தது. அக்கா அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். கம்ப்யூட்டரில் நாங்கள் முதலில் செய்வதே, அடிப்பாகத்தைத் தொட்டு, 'இது ஆடாது' என்று சொல்லிவிடுவதுதான். எங்கேயாவது ஒரு இடத்தைப் பிடித்து நிறுத்தாவிட்டால் கணக்கே ஓடாது. அது நிஜத்தில் ஆடுமா என்று நாங்கள் யாரும் கேட்பதில்லை. நாற்காலியைக் கவிழ்த்துப் பார்க்கிற அக்காவும் கேட்கவில்லை.

லேபுக்குத் திரும்பியதும், கம்ப்யூட்டரில் அதே அளவான பாரத்தோடு அந்த ஒரு காலை மட்டும் ஆடவிட்டார். ஷாஃப்ட் முறிந்த அதே இடத்தில் பளிச்சென்று சிவப்பு. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், பாதியில் கை நின்றுவிட்டது. அண்ணன் மேல் தப்பில்லை, சரி. கல்லை வைத்தது யார்? அக்கா திரையை விட்டுத் திரும்பவே இல்லை.

அடுத்த வாரம் மறுபடி போனோம். கணக்கில் என்ன தெரிந்தது என்று அப்பா வாசலிலேயே கேட்டார்.

"இரும்புல கோளாறுப்பா" என்றார் அக்கா. "வாங்கும்போதே விரிசல் இருந்திருக்கு. அண்ணன் மேல தப்பில்ல."

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "செத்த புள்ளய வாய்க்கு வந்தபடி பேசிட்டனே" என்று அழுதார். அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, களத்தைச் சமமாக்கி சிமென்ட் போட்டுவிடலாம், சிந்தின மல்லாட்டையைக் கூட்டி அள்ள சுலபம் என்றார். கல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு மனசு கேட்கவில்லை.

"அப்பாகிட்ட ஏங்க்கா உண்மையச் சொல்லல?"

"அவர் மேல இன்னும் ஏத்தினா உடைஞ்சிடும்டி."

அன்றைக்கு அக்கா பஸ் கம்பியை ஆட்டிப் பார்க்கவில்லை. நான்தான் ஆட்டிப் பார்த்துவிட்டு, சாஞ்சிக்கோங்கக்கா என்றேன்.