வானியல் சோதனையும் மாமியின் கூரையும்

இந்த முறையும் கோட்டை விட்டால் மானம் கப்பலேறிவிடும். திருகோணமலைத் துறைமுகக் கந்தோரில் கிளாக்கராக இருக்கும் இக்னேசியஸ், பின்னேர வகுப்பின் வானியல் சோதனையில் இரண்டு தரம் சறுக்கியவர். மூன்றாந்தரம் வருகிற கிழமை.

படிக்க மிஞ்சியது ஒரேயொரு லீவு. அரசாங்கம் ஞாயிற்றுக்கிழமை லீவைப் பறித்துவிட்டு, நிலவு முழுசாயும் அரையாயும் இல்லாமலும் வருகிற போயா நாட்களுக்கு லீவு விட்டிருந்த காலம் அது. அந்த ஒன்றிலும் மூதூருக்கு லோஞ்ச் படகேறிப் போய், மாமி திரேசம்மாவின் கூரைக்குத் தென்னோலைக் கிடுகு வேய வேண்டுமென்று மனைவி இன்பமலர் தன் தாய்க்காக ஒற்றைக்காலில் நின்றாள்.

போன போயாவுக்குப் பாடத்தைக் காட்டியே தப்பினார். முழுநிலவுக்குக் கடல் பெருக்குக் கூடும், லோஞ்ச் ஆடும், ஆபத்து என்றார். அவளும் தலையாட்டினாள். இந்த முறையும் அதையே அவிழ்த்துவிடக் காத்திருந்தார்.

குசினியில் மீன் வெட்டிக்கொண்டே அவள் கூப்பிட்டாள்.

“இஞ்சாருங்கோ, பயப்பிடாதேங்கோ. நான் கேள்வி கேக்கிறன், சொல்லுங்கோ பாப்பம். நிலவு ஏன் தேயுது?”

“வெயில் படுற பாதியிலை எங்களுக்குத் தெரியிற பங்கு மாறுது.”

“பூமியின்ரை நிழல் விழுறதில்லையோ?”

“அது கிரகணமடி! போன சோதனையிலை அதைத்தான் பிழையா எழுதினனான்.”

“கிரகணம் ஏன் மாசாமாசம் வாறேல்லை?”

“நிலவு சுத்துற பாதை சரிஞ்சு கிடக்கு.”

மூன்றும் சரி. “இன்னும் கேள், இன்னும் கேள்!” என்று கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“கடல் பெருக்கு எப்ப கூட?”

“முழுநிலவுக்கும் அமாவாசைக்கும். சூரியனும் நிலவும் ஒரே கோட்டிலை நிண்டு இழுக்குது.”

“எப்ப குறைய?”

“அரைநிலவுக்கு! ஒண்டு இப்பிடி இழுக்க மற்றது அப்பிடி இழுக்குது.”

“நாளைக்குப் போயா. அது என்ன நிலவு?”

“அரை...” என்று தொடங்கியவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“அப்ப லோஞ்ச் ஆடாது.”

இக்னேசியஸ் கதிரையை விட்டு எழுந்தார். பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று மாற்றலாம். ஆனால் வாயில் வந்த பிழை சோதனைத் தாளிலும் வந்து தொலைத்தால்?

“நான் படிக்க வேணுமடி,” என்றார் ஈனக்குரலில்.

இன்பமலர் கையைக் கழுவிவிட்டு வந்து, கூரையில் ஏறும்போது இடுப்பில் உடுக்கவென்று அவருடைய பழைய சாரமொன்றை எடுத்து மடித்தாள்.

“ஒரு கேள்வியும் பிழைக்கேல்லையே. இனி என்ன கிடக்கு படிக்க?”