இருபதாயிரம் வருடத்துக் கால்

எனக்குத் தெரியாத விஷயங்களைப் பற்றித்தான் நான் அதிகம் பேசுவேன். கல்யாணமான புதிதில் இந்த வியாதி முற்றியிருந்தது.

எழுபதுகளின் நடுவில் என் மனைவி சாரதா யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னியில் என் ஹோம்புஷ் பிளாட்டுக்கு வந்து சேர்ந்தாள். ஊரில் விலங்கியல் ஆசிரியை. மூன்று மாத லீவுதான் எடுத்திருந்தாள்.

"பிடிச்சால் இருப்பன். இல்லையெண்டால் திரும்பிப் போய்ப் படிப்பிப்பன்" என்று விமான நிலையத்திலேயே சொல்லிவிட்டாள்.

இரண்டு மாதத்தில் அவளுக்குப் பிடித்தது, மனிதர் சிரிப்பதுபோலவே கத்தும் ஒரு கூக்கபராப் பறவை மட்டும்தான். (அதுவும் என்னைப் பார்த்துச் சிரித்ததால் இருக்கலாம்.)

கடைசி முயற்சியாக, பழைய ஸ்டேஷன் வாகனில் இரண்டு நாள் மேற்கே ஓட்டி, பாலைவனத்துச் சிவப்புப் பாறைப் பள்ளத்தாக்கு ஒன்றுக்கு அவளைக் கூட்டிப்போனேன். வழி நெடுக விரிவுரை என்னுடையது.

அங்கே பெரிய தொப்பி போட்ட வனக்காவலர் ஒருவர் முதலில் ஒரு கற்பலகையைக் காட்டினார். அதில் இரண்டு வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். மனிதர்களே இல்லாத காலத்தில் ஈரமணலில் ஊர்ந்த பலகால் பூச்சியொன்றின் தடமாம். சாரதா முழந்தாளிட்டு உட்கார்ந்துவிட்டாள். எத்தனை கால், எந்தப் பக்கம் போனது, வால் இருந்ததா என்று அவரைத் துளைத்தெடுத்தாள். என்னிடம் அவள் இத்தனை கேள்வி கேட்டதே இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. (பூச்சியின் மேல்தான்.)

அடுத்தது ஓவியங்கள். மேலே ஒரு பாறைக்கூரையின் கீழ், கையை வைத்துச் சுற்றிவரக் காவியை ஊதிப் பதித்த கைகள். இந்த மண்ணின் மக்கள் இன்றும் வந்து போற்றும் இடம், தொடக்கூடாது என்றார் வனக்காவலர். எங்கள் இருவருக்கும் ஒரே யோசனைதான் வந்தது. அப்போது சிட்னியில் எங்களுக்குக் கோயில் கிடையாது. (குசினி அலுமாரிப் பிள்ளையார்தான் எல்லாம்.) செருப்பைக் கழற்றிவிட்டு, கீழே குட்டையில் கால் கழுவிக்கொண்டு வந்தோம். அதைப் பார்த்த வனக்காவலரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

"இது ஒரு சின்னப் பிள்ளையின்ரை கையப்பா" என்று சாரதா மெதுவாகச் சொன்னாள்.

மத்தியானம் சாரதாவும் வனக்காவலரும் பூச்சியிடமே திரும்பிப் போனார்கள். நானும் ஒரு தடம் கண்டுபிடித்தே தீருவது என்று தனியாகக் கிளம்பி, பாறைகளில் ஏறி இறங்கி அலைந்தேன். ஒரு வளைவைத் தாண்டினால், வெயிலில் இறுகிய தரையில் இரண்டு சோடி மனிதக் காலடிகள்!

"சாரதா! ஓடி வாரும்!"

இருவரும் ஓடி வந்தார்கள்.

"பெரிசு ஆம்பிளை, சின்னது பொம்பிளை. இருபதாயிரம் வருசம் இருக்கும். பாரும், எவ்வளவு அடக்கமாய் அவன்ரை பின்னாலை போயிருக்கிறாள்!"

வனக்காவலருக்கு அதையே ஆங்கிலத்தில், இன்னும் ஐயாயிரம் வருடம் கூட்டிச் சொன்னேன். அவர் குந்தியிருந்து பார்த்தார். தாடையைச் சொறிந்தார்.

"இந்தப் பெண் இரண்டாம் விரலில் மோதிரம் போட்டிருக்கிறாள்" என்றார் மரியாதையாக.

நான் சாரதாவின் காலைப் பார்த்தேன். கல்யாணத்தன்று அம்மிக்கல்லில் தூக்கிவைத்து நானே போட்டுவிட்ட மெட்டி வெயிலில் மினுங்கியது. பக்கத்தில் நாங்கள் கால் கழுவிய குட்டை. சுற்றிச் சுற்றி, மறுபக்கத்தால் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தேன்!

சாரதா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்ததில்லை.

"அடக்கமாய்ப் போகேல்லை. நீங்கள் வழுக்கினால் பிடிக்கத்தான் பின்னாலை வந்தனான்."

திரும்பும் வழியில் விரிவுரை அவளுடையது. பூச்சியைப் பற்றிப் பேசி முடித்துவிட்டுச் சொன்னாள்.

"வேலையை விடுறன் எண்டு பள்ளிக்கூடத்துக்கு எழுதப்போறன்."

"ஊர் பிடிச்சிட்டுதோ?"

"பூச்சி பிடிச்சிருக்கு. அதோடை, தன்ரை காலையே தெரியாத மனிசனை இஞ்சை தனிய விட்டிட்டுப் போகேலாது."

இன்றும் நான் எதையாவது அடித்துச் சொன்னால், "அப்பா, டிட் யூ செக் த மெட்டி?" என்று மகள் கேட்பாள். நானும் குனிந்து சாரதாவின் காலைப் பார்ப்பேன். அது இன்னும் அதே விரலில்தான் இருக்கிறது.