பந்தயப் பெட்ரோலும் ஏட்டு வீட்டு வாசலும்

என் பெட்டியில் ஓர் அஞ்சலட்டை இருக்கிறது. தபால் முத்திரையில் 1968 என்பது தெளிவு, மாதம் அழிந்துவிட்டது. தை மாதம் என்பது என் கணிப்பு, ஏனென்றால் அப்போது தவக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. வாசகம் இதுதான்: "தங்கள் வண்டியிலிருந்து எடுத்த திரவம் ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டுள்ளது. முடிவு வரும்வரை கோயிலில் ஓலை வாசிப்பது நிறுத்தி வைக்கப்படுகிறது. மற்றபடி இங்கு அனைவரும் சுகம்."

எழுதியவர் என் வருங்கால மாமனார். ஓலை என்பது எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களின் வழக்கம். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் பெண் மாப்பிள்ளை பெயர்களைப் படித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் அறிவிப்பார். ஏற்கெனவே கல்யாணம் ஆனவன், நெருங்கிய உறவு என்று தடைகள் வருவதுண்டு. பெட்ரோல் தடையாக வந்தது, நான் அறிந்தவரை, எனக்கு மட்டும்தான்.

அப்போது நான் பாப்பிரெட்டிப்பட்டியில் குமாஸ்தா. ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருந்தேன். அதைவிடப் பழையதாக ஒரு சந்தேகமும் வைத்திருந்தேன்: பங்கில் பெட்ரோலோடு மண்ணெண்ணெய் கலக்கிறார்கள் என்பது. ஒவ்வொரு முறையும் விரலில் தொட்டு முகர்ந்து பார்ப்பேன். (பங்க்காரர் என்னை "மோப்பத்தம்பி" என்று அழைத்தது பிற்பாடுதான் தெரிந்தது.) வண்டி மேட்டில் திணறினால் குற்றவாளி பெட்ரோல்தான். நான் ஒரு வருஷமாக பிளக்கைக் கழற்றித் துடைக்காதது கணக்கில் வராது.

இந்த நிலையில் சேலத்துப் பழைய பேப்பர் கடையில் அட்டை கிழிந்த ஆங்கில மோட்டார் பத்திரிகை ஒன்று கிடைத்தது. உலகப் பெரும் பந்தயக் கார்களில் ஊற்றுவது நம் பங்க் பெட்ரோல் அல்ல, ஆல்கஹால் கலவை என்று அதில் போட்டிருந்தது. இன்ஜினைக் குளிர்ச்சியாக வைக்குமாம், பலம் கூடுமாம். இன்ஜினுக்கு விளக்கெண்ணெயும் விடுவார்களாம். அந்தக் கடைசி வரியில் நான் விழுந்தேன். கொட்டமுத்து என்கிற ஆமணக்கு விளையும் தர்மபுரி ஜில்லாவில் விளக்கெண்ணெய்க்குப் பஞ்சமா? உச்சந்தலைச் சூட்டைத் தணிப்பது இன்ஜின் சூட்டைத் தணிக்காதா?

மர பாலிஷ் போடும் ஆசாரி ஒருவரிடம் கெஞ்சி ஸ்பிரிட் வாங்கினேன். அதில் பாதி, பெட்ரோல் பாதி, மேலே ஒரு கரண்டி விளக்கெண்ணெய். டின்னைக் குலுக்கி மூடினேன். உடனே வண்டியில் ஊற்றிச் சோதித்திருக்கலாம். ஆனால் அந்த ஞாயிறு மதியம் ஏரியூரில் பெண் வீட்டுச் சாப்பாடு. ஓலைக்கு நாள் குறிக்கப் போகிறார்கள். பெண் ஜெயமேரி, பள்ளிக்கூட டீச்சர். அவள் பார்க்க, சீறிக்கொண்டு வாசலில் போய் இறங்க வேண்டும் என்று ஆசை.

ஒன்றைச் சொல்லவில்லையே! பெண்ணின் அப்பா மதுவிலக்குப் பிரிவில் ஏட்டு. மதுவிலக்கு முழு வேகத்தில் இருந்த காலம். மாட்டுக்கு வாங்கிப் போகும் பிண்ணாக்கு மூட்டையைக்கூடக் குத்திப் பார்க்காமல் விடமாட்டார் என்று பேர்.

ஏரியூர் எல்லையில் வண்டியை நிறுத்தி, டேங்க்கில் மிச்சமிருந்த கொஞ்சம் பெட்ரோலோடு என் கலவையை ஊற்றினேன். குழாயில் இருந்த நல்ல பெட்ரோலில் வண்டி தெருமுனை வரை ஒழுங்காக ஓடியது. பிறகு இரண்டு தடவை இருமியது. வெள்ளைப் புகை கக்கியது. சரியாக ஏட்டு வீட்டு வாசலில் உயிரை விட்டது. தெரு முழுக்கச் சாராயக்கடை வாசம், அதற்குள் பேதி மருந்து வாசம்.

ஏட்டு வெளியே வந்தார். வாங்க என்று சொல்லவில்லை. மூக்கைத் தூக்கினார்.

"என்னாங்க தம்பி வாசம் இது?"

"பெட்ரோலுங்க. பந்தயக் கார்ல ஊத்தறதுங்க."

"ஏரியூர்ல என்னா பந்தயம் நடக்குதுங்க?"

ஜெயமேரியின் அண்ணன் சூசை, "மச்சான், வண்டி குடிச்சிருக்குதா, நீங்க குடிச்சிருக்கீங்களா?" என்றான். ஏட்டு அவனை முறைத்துவிட்டுக் கண்ணாடி டம்ளர் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். டேங்க்கின் குழாயைக் கழற்றிப் பிடித்தார்.

டம்ளரில் திரவம் நிதானமாகப் பிரிந்தது. மேலே பெட்ரோல், கீழே ஸ்பிரிட், எல்லாவற்றுக்கும் அடியில் விளக்கெண்ணெய். (ஆசாரி ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருந்தார், தண்ணீர் சேர்ந்தால் ஸ்பிரிட்டும் பெட்ரோலும் ஒட்டாது. உலகத்தில் எல்லோரையும் சந்தேகித்த நான் அவரை மட்டும் நம்பியிருந்தேன்.)

ஏட்டு டம்ளரை வெயிலில் தூக்கிப் பார்த்தார். இருபது வருஷ சர்வீசில் காணாததைக் கண்ட முகம்.

"மேல பெட்ரோலு, கீழ சரக்கு! லாரி டியூப்ல கடத்துனவனப் புடிச்சிருக்கறேன். பெட்ரோலுக்கு அடியில வெச்சுக் கடத்தறவன இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"ஐயோ, குடிச்சா கண்ணு போயிருங்க அது!"

"ஓ, அதும் தெரியுமா தம்பிக்கு?"

சாப்பாடு மட்டும் மறுக்காமல் போட்டார்கள். கதவோரம் நின்ற ஜெயமேரி என்னைப் பார்த்த பார்வையில் கோபமா சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஓலைப் பேச்சே எழவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டே மெக்கானிக்கிடம் போனேன். நான்காம் நாள் அஞ்சலட்டை வந்தது.

தவக்காலம், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு, தொடங்கிவிட்டால் கல்யாணம் வைக்கமாட்டார்கள்; எல்லாம் ஈஸ்டருக்கு அப்பால் போய்விடும். கிருஷ்ணகிரியில் ஒரு கம்பவுண்டர் மாப்பிள்ளை வேறு இரண்டாம் இடத்தில் தயாராக நின்றார். ஸ்பிரிட்டைக் கையாள அதிகாரம் உள்ளவர்! அச்சடித்த சாட்சி காட்டினால் ஏட்டு நம்புவார் என்று பத்திரிகையைத் தேடினால், விளக்கெண்ணெய் டின்னுக்கு அடியில் வைத்திருந்ததில் அந்தப் பக்கமே ஊறி எழுத்தெல்லாம் மறைந்திருந்தது. சேலத்து வாசகசாலைக்கு ஓடினேன். பழைய தொகுப்பில் அந்தக் கட்டுரை கிடைத்தது, கையால் எழுதி நகல் எடுத்தேன். பிறகுதான் பக்கத்தைப் புரட்டித் தேதி பார்த்தேன். அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. புதிய தொகுப்பு வேறு கதை சொன்னது: 1958 முதல் உலக சாம்பியன் பந்தயங்களில் ஆல்கஹால் கலவைக்குத் தடை. பெட்ரோல்தான் ஊற்ற வேண்டும். மேல்நாட்டுப் பங்க்குகளில் விற்கும் உயர்ரகப் பெட்ரோலுக்கும் பந்தயக்காரர்களின் பெட்ரோலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அதாவது, பத்து வருஷமாக உலகச் சாம்பியன்கள்கூட ஊற்றாததை நான் ஏரியூரில் ஊற்றியிருக்கிறேன்.

அதையும் நகல் எடுத்தேன். அந்த இரண்டாவது நகலைக் கிழித்துப் போடத்தான் நினைத்தேன். முடியவில்லை, தேதி பிந்திய ஆதாரத்தை மறைப்பது ஏனோ கை கூசியது. பஸ் ஏறிப் போய் இரண்டையும் ஏட்டு முன் வைத்தேன். தமிழில் சொல்லச் சொல்லி, முழுதும் கேட்டார்.

"அப்படின்னா, நீங்க சொன்னது பொய்யின்னு நீங்களே எழுதிக் கொண்டாந்திருக்கீங்க."

"ஆமாங்க. பத்து வருசத்துக்கு முந்தி உண்மைங்க."

"என் சர்வீஸ்ல எவனும் தனக்கு எதிரா சாட்சி கொண்டாந்ததில்லீங்க தம்பி," என்றார். பிறகு, இரண்டு நகல்களையும் மடித்துக் கொடுத்துவிட்டு, "கடத்தறவனுக்கு இவ்ளோ வெவரம் பத்தாம இருக்காது," என்றார்.

ரசாயன ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல், அடுத்த ஞாயிறே முதல் ஓலை வாசித்தார்கள். மூன்றாவது ஓலை முடிந்து, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முன்பே தாலி கட்டிவிட்டேன். அன்றிலிருந்து எதைப் படித்தாலும் முதலில் தேதியைத்தான் பார்க்கிறேன்; இந்தக் குறிப்பெழுதும் பைத்தியம் பிடித்ததும் அதனால்தான். இன்றும் எங்கள் சொந்தத்தில் யாருக்கு ஓலை வாசித்தாலும், கோயிலின் பின்வரிசையில் ஒரு குரல் கிசுகிசுக்கும்: "ரிப்போர்ட் வந்துருச்சா?"

ஒன்று மட்டும் பாக்கி. சூசை மச்சான் சத்தியம் செய்து சொல்வது: நான் நகல்களோடு போவதற்கு முன்பே ஜெயமேரி தன் அப்பாவிடம், "சாராயம் விக்கறவன் இவ்ளோ மோசமா கலக்க மாட்டாம்பா, ஓலைய வாசிக்கச் சொல்லு" என்று முடித்துவிட்டாளாம், என் ஆதாரத்தை ஏட்டு கேட்டது வெறும் மரியாதைக்காம். மாமனார் காலமாகிவிட்டார். மனைவியிடம் பலமுறை கேட்டுவிட்டேன். "ஞாபகமில்லீங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்ச் சிரிக்கிறாள். ஆகவே, எனக்குக் கல்யாணம் ஆனது எந்தச் சாட்சியத்தின் பேரில் என்பது இதை எழுதும் நாள்வரை உறுதிப்படவில்லை.